பாதியில் அறுந்தாலும் மீண்டும் ஓடும்: கீழமாசி வீதி மொத்தக் கடையின் சர்வர் வேலை

மதுரை கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு, சென்ற கோடை தொடங்குவதற்கு முன் சர்வர் அமைப்பு முழுவதையும் புதிதாக அமைத்துக் கொடுத்தேன். கடையில் பில் போடும் கணினிகள் நான்கு; சிந்தாமணி பக்கம் உள்ள குடோனில் சரக்கு ஏற்றி இறக்கும் கணக்குக்கு ஒன்று. இவை அனைத்துக்கும் பின்னால், கல்லாவுக்கு மேலே உள்ள மச்சில் ஒரு பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. தரவுத்தளம் அதில்தான், வாடிக்கையாளர்களின் பற்று வரவு அதில்தான், இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவு செய்யும் பில்) கோப்பு தயாராவதும் அதில்தான். அது நின்றால் பில் நிற்கும், பில் நின்றால் லாரி நிற்கும், உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் திருமங்கலத்துக்கும் அன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டிய சரக்கு மறுநாளைக்குத் தள்ளிப்போகும்.

முதல் பேச்சிலேயே கடை முதலாளி, "தம்பி, நல்ல பெரிய சர்வரா ஒண்ணு வாங்கிப் போட்டா இந்தத் தொல்லை தீந்துருமா?" என்று கேட்டார். "தீராது அண்ணாச்சி. கரண்டு போறதும் நெட்டு போறதும் நம்ம கையில இல்ல. போயிட்டு வந்தா எதுவும் கெடாம இருக்கணும், அம்புட்டுத்தான்" என்றேன். அந்தப் பதிலையே பிறகு வேலை முழுவதற்கும் அளவுகோலாக வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு கருவியையும் ஒவ்வொரு நிரலையும் எடுத்து, இது பாதியில் அறுந்தால் என்ன ஆகும், மறுபடி தொடங்கினால் ஏதாவது இரண்டு முறை நடந்துவிடுமா என்று கேட்டோம். பதில் திருப்தியாக இல்லாத இடங்களில் மட்டுமே பணமும் உழைப்பும் செலவிடப்பட்டன.

மின்சாரத்திலிருந்து தொடங்கினோம். பழைய கணினி வீட்டு உபயோக இன்வெர்ட்டரில் இணைக்கப்பட்டிருந்தது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் அது போதும். ஆனால் மின்சாரம் போனதும் பேட்டரிக்கு மாற அது எடுத்துக்கொள்ளும் இடைவெளியைக் கணினியின் மின்வழங்கி தாங்கியாக வேண்டும். முழுச் சுமையில் அது தாங்குவது 16, 17 மில்லி விநாடிதான். ஒரு நாள் தாங்கும், மறுநாள் கணினி அணைந்து எழும். ஆகவே சர்வர், ரவுட்டர், ஃபைபர் இணைப்புப் பெட்டி ஆகிய மூன்றையும் தனி யூ.பி.எஸ்.ஸுக்கு மாற்றி, எல்லாவற்றையும் மச்சிலிருந்து கீழே இறக்கினோம். ஈய அமில பேட்டரியின் ஆயுள் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை வைத்துச் சொல்லப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும் மதுரைக் கோடையில், தகரக் கூரைக்கு நேர் கீழே வைத்த பேட்டரி சொன்ன காலத்துக்கு வராததில் வியப்பில்லை. இப்போது அது கல்லாவுக்குப் பின்னால், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், சுவர் அலமாரி ஒன்றில் இருக்கிறது. மிளகாய் வத்தல் தூசியும் பருப்புத் தூசியும் மின்விசிறிகளை அடைத்துவிடும் என்பதால் அலமாரிக் கதவில் கழற்றித் துவைக்கக்கூடிய வடிகட்டித் துணி மாட்டியிருக்கிறோம். பழைய கட்டடம் ஆதலால் எர்த்தும் சரியில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது பல மடங்கு காட்டியது. எலக்ட்ரீஷியன் புதிதாக எர்த் குழி தோண்டிய பிறகே மற்ற வேலைகளைத் தொட்டேன்.

பராமரிப்புக்காக அறிவித்து நிறுத்தும் நாளில் மின்சாரம் காலையில் போனால் பிற்பகலுக்கு மேல்தான் வரும். அத்தனை நேரம் பேட்டரியில் ஓட்டுவது இந்தக் கடைக்குக் கட்டுப்படியாகாது. எனவே யூ.பி.எஸ்.ஸின் வேலை, கணினியை ஒழுங்காக நிறுத்துவதற்கு அவகாசம் கொடுப்பது மட்டும்தான் என்று முடிவு செய்தோம். யூ.பி.எஸ்.ஸை யூ.எஸ்.பி. கம்பியால் சர்வரோடு இணைத்து, நட் என்னும் கட்டற்ற மென்பொருளை நிறுவினோம். மின்சாரம் போய் 20 நிமிடம் ஆகியும் வராவிட்டால் அது தரவுத்தளத்தை மூடி, சர்வரை அணைத்துவிடும்.

பலர் கவனிக்காமல் விடும் ஒரு நுணுக்கம் இதில் உண்டு. சர்வர் அணைந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் வந்துவிட்டால், யூ.பி.எஸ். தன் வெளியீட்டை ஒருபோதும் நிறுத்தியிருக்காது. சர்வருக்குத் தன் மின்சாரம் போய் வந்ததே தெரியாது. மின்சாரம் வந்தால் தானாக எழ வேண்டும் என்று பயோஸில் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளில்) வைத்த அமைப்பும் வேலை செய்யாது. எல்லா விளக்கும் எரியும், சர்வர் மட்டும் அணைந்தே கிடக்கும். இதற்காகவே, சர்வர் அணையும் கடைசிக் கட்டத்தில், "சிறிது நேரம் கழித்து உன் வெளியீட்டை நிறுத்து, வெளி மின்சாரம் இருந்தால் திரும்பக் கொடு" என்ற கட்டளையை யூ.பி.எஸ்.ஸுக்கு அனுப்பும் வசதி நட்டில் உள்ளது. அதைக் கட்டாயம் இயக்கிச் சோதித்துப் பார்க்க வேண்டும். எல்லா யூ.பி.எஸ்.களும் இந்தக் கட்டளைக்குப் பணிவதில்லை. வாங்குவதற்கு முன்பே நட்டின் ஆதரவுப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணத்துக்கு மறுநாள் தேர் நான்கு மாசி வீதிகளையும் சுற்றி வருகிறது. அன்று கடைக்குள் போய் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வர எவராலும் முடியாது. ஆள் தொடாமல் சர்வர் எழ வேண்டும் என்பது இங்கே வசதிக்கான ஆசை அன்று, கட்டாயத் தேவை.

அடுத்து வட்டு. பழைய கணினியில் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தது. தரவுத்தள மென்பொருள் போஸ்ட்கிரெஸ் என்பதால், வட்டில் உறுதியாக எழுதும் வேகத்தை அளக்க அதனுடனேயே வரும் எஃப்சிங்க் சோதனைக் கருவியை ஓட்டிப் பார்த்தேன். நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை வட்டில் எழுதி உறுதியாகப் பதிந்ததாக அது காட்டியது. நிமிடத்துக்கு 7,200 என்றால் நொடிக்கு 120 சுற்று. எழுதும் ஒவ்வொன்றும் காந்தத் தட்டில் உண்மையாகப் பதிந்த பின்பே அடுத்தது என்றால், ஒன்றன்பின் ஒன்றாக நொடிக்கு அந்த 120ஐ ஒட்டித்தான் பதிய முடியும். ஆயிரம் என்று வந்தால், வட்டு தன் இடைநினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு "எழுதிவிட்டேன்" என்று பொய் சொல்கிறது என்று பொருள். மின்சாரம் போகும் நொடியில் அந்த நினைவகத்தில் இருந்த பில்கள் போய்விடும். பில் அச்சாகி வாடிக்கையாளர் கையில் இருக்கும், கணக்கில் இருக்காது. "கம்ப்யூட்டரு சில பில்லை முழுங்கிருது" என்று கணக்குப்பிள்ளை வருடக்கணக்காகச் சொல்லி வந்ததன் காரணம் இந்த ஒரு எண்ணில் வெளிப்பட்டது.

புதிய சர்வரில், மின்சாரம் போனாலும் உள்ளே இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்தேக்கிகள் கொண்ட எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத வட்டு) இரண்டை, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே இருக்கும்படி, கண்ணாடிப் பிம்பமாக இணைத்தோம். இரண்டும் வெவ்வேறு தயாரிப்பாளர்களுடையவை. ஒரே தொகுதியில் வந்த வட்டுகள் ஒரே காலத்தில் பழுதாகும் வாய்ப்பு உண்டு. நினைவகம் பிழை திருத்தும் வகை. தரவுத்தளத்தை உருவாக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும், தரவு கெட்டால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்புத் தொகை சேர்க்கும்படி அமைத்தோம். இவற்றில் ஏதேனும் ஒன்றைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்று பணம் நெருக்கினால், செயலியின் வேகத்தைக் குறையுங்கள், மின்தேக்கி உள்ள எஸ்.எஸ்.டி.யை விட்டுவிடாதீர்கள் என்பேன்.

இனி இந்த வேலையின் மையப் பகுதிக்கு வருகிறேன். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். இந்தக் கடை அந்த வரம்பைத் தாண்டியது. 50 கிலோ மூட்டையாகப் போகும் பருப்புக்கு வரி இல்லை, எனவே இ-இன்வாய்ஸும் இல்லை. மிளகு, சீரகம், பெருங்காயம் போன்றவை வரிக்கு உட்பட்டவை, ஜி.எஸ்.டி. எண் உள்ள கடைக்காரருக்கு அவற்றை விற்றால் பில் விவரத்தை அரசின் பதிவுத் தளத்துக்கு அனுப்பி, ஐ.ஆர்.என். எனப்படும் எண்ணையும் கையொப்பமிட்ட க்யூ.ஆர். குறியையும் பெற்று அச்சிட்ட பிறகே சரக்கு கிளம்ப வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்கானாலும் மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில்லும் (சரக்கு கொண்டுசெல்வதற்கான மின்சீட்டு) வேண்டும். இவை அத்தனையையும் கணக்குப்பிள்ளை ஒவ்வொன்றாகக் கோப்பு எடுத்து, தளத்தில் ஏற்றி, இறக்கி, அச்சிட்டுக்கொண்டிருந்தார். மாலை நான்கு மணிக்கு மேல் அவர் பக்கத்தில் நின்று பார்த்தால் அவருடைய அவசரம் நமக்கும் தொற்றிக்கொள்ளும்.

அனுமதி பெற்ற இடைநிலை நிறுவனம் ஒன்றின் வழியே இதைத் தானியங்கியாக்கினோம். எழுதும்போது ஒரு விதியை மீறவே கூடாது என்று வைத்துக்கொண்டோம். பில் போடும் திரை இணையத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. பில் சேமிக்கப்படும் அதே பரிவர்த்தனைக்குள், "இந்தப் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் பெற வேண்டும்" என்னும் வரி ஒன்றும் வேலை வரிசை என்ற அட்டவணையில் சேர்ந்துவிடும். இரண்டும் ஒன்றாகச் சேமிக்கப்படும், அல்லது இரண்டுமே சேமிக்கப்படாது. பில் இருக்கிறது, வேலையைக் காணோம் என்ற நிலை வரவே வராது. பின்னணியில் ஓடும் நிரல் அந்த அட்டவணையிலிருந்து ஒரு வரியைப் பூட்டி எடுத்து அனுப்பும். பூட்டியிருக்கும் வரிகளைத் தாண்டிச் செல்லும் வசதி போஸ்ட்கிரெஸ் 9.5 பதிப்பிலிருந்தே இருப்பதால் இரண்டு நிரல்கள் ஓடினாலும் ஒரே பில்லை இரண்டும் எடுக்காது. நிரல் பாதியில் செத்தால் பூட்டு தானாக விடுபட்டு, வரி மீண்டும் வரிசைக்கு வரும். இதற்கெனத் தனி வரிசை மென்பொருள் ஒன்றை நிறுவலாமே என்று என்னுடன் வேலை செய்யும் தம்பி கேட்டார். இந்த அளவுக் கடைக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பராமரிக்க வேண்டிய பொருள் இன்னொன்று கூடும். மேலும், பில்லும் வேலையும் இருவேறு இடங்களில் சேமிக்கப்பட்டால் ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போகும் சிக்கல் மறுபடி முளைக்கும்.

அனுப்பிய பிறகு பதில் வருவதற்குள் இணையம் அறுந்தால்? இங்கேதான் பல தானியங்கிகள் சறுக்குகின்றன. பதில் வராததைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே பதிவாகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம், நமக்குத் தெரியாது. ஆகவே எங்கள் அட்டவணையில் நிலைகள் மூன்று அல்ல, நான்கு: காத்திருப்பு, முடிந்தது, மறுக்கப்பட்டது, தெரியாது. தெரியாது என்ற நிலையில் உள்ளதை மீண்டும் அனுப்பலாமா என்பதை எதிர்ப்பக்கம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதே தீர்மானிக்கும். இ-இன்வாய்ஸைப் பொறுத்தவரை இது மிக நன்றாகவே கட்டப்பட்டிருக்கிறது. ஐ.ஆர்.என். என்பது விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், ஆவண வகை, ஆவண எண், நிதியாண்டு ஆகியவற்றைச் சேர்த்து எஸ்.ஹெச்.ஏ.-256 என்னும் கணித முறையில் கணக்கிடப்படும் 64 எழுத்துச் சரம். ஒரே பில்லை எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே எண்தான் வரும். இரண்டாவது பதிவு உருவாகாது. ஏற்கெனவே பதிவாகியிருந்தால் 2150 என்ற பிழை எண்ணோடு பழைய ஐ.ஆர்.என்.னும் ஒப்புகை எண்ணும் திரும்பி வரும். எனவே எங்கள் நிரல் 2150ஐப் பிழையாக நடத்துவதில்லை. அதில் உள்ள ஐ.ஆர்.என்.னைக் கொண்டு முழு விவரத்தையும் கேட்டுப் பெற்று, "முடிந்தது" என்று குறித்துக்கொள்கிறது. மறுமுயற்சிகளுக்கு இடையிலான நேரம் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகி, அதோடு ஒரு சிறு தற்செயல் இடைவெளியும் சேரும். தளம் திணறும் வேளையில் எல்லாக் கடைகளின் நிரல்களும் ஒரே நொடியில் மோதக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

எல்லா வேலைக்கும் இந்த முறை பொருந்தாது. பாக்கி நினைவூட்டும் குறுஞ்செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை அனுப்பினால் இரண்டு முறை போகும். தடுக்க எதிர்ப்பக்கத்தில் எவரும் இல்லை. ஒரே நாளில் இரண்டு முறை பாக்கி கேட்டுச் செய்தி வந்தால் தலைமுறைப் பழக்கம் உள்ள வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ஆதலால் நினைவூட்டலில் "அனுப்பியாயிற்று" என்று முதலில் குறித்துவிட்டுப் பிறகே அனுப்புகிறோம். இடையில் அறுந்தால் ஒரு நினைவூட்டல் போகாமல் விடுபடும், அதனால் குடி முழுகாது. இ-இன்வாய்ஸில் இதற்கு நேர்மாறு: அனுப்பிப் பதில் பெற்ற பிறகே குறிப்போம். விடுபடுவது மோசமா, இரட்டிப்பாவது மோசமா என்பதை ஒவ்வொரு வேலைக்கும் கடைக்காரரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டோம். இது நிரலாளர் ஊகிக்கக் கூடிய விஷயம் அன்று.

அச்சுப் பொறியிலும் இதே கேள்வி எழுந்தது. குடோனில் கைக்கு வரும் சீட்டைப் பார்த்துத்தான் மூட்டை ஏற்றுகிறார்கள். அச்சடிக்கும்போது மின்சாரம் போய், வந்ததும் மறுபடி அச்சிட்டால், பாதி கிழிந்த சீட்டு ஒன்றும் முழுச் சீட்டு ஒன்றும் இரண்டு ஆட்கள் கையில் போய்விடும். இப்போது ஒரு சீட்டு இரண்டாம் முறை அச்சானால் தலைப்பில் "நகல்" என்று பெரிய எழுத்தில் விழும். ஏற்றி முடித்ததும் சீட்டின் பட்டைக்குறியைக் கருவியில் காட்ட வேண்டும், ஏற்கெனவே காட்டிய குறியை அது ஏற்காது. குடோன் மேஸ்திரிக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகவில்லை. தாளில் டிக் அடித்து அவர் செய்துவந்ததும் இதையேதான்.

இணைய இணைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபைபர் ஒன்று, வேறு நிறுவனத்தின் சிம் கார்டில் ஓடும் மாற்று இணைப்பு ஒன்று. முதல் இணைப்பு செத்தால் ரவுட்டர் தானாக மாறிக்கொள்ளும். இரண்டிலும் வெளியிலிருந்து நேராக உள்ளே வரும் முகவரி கிடைப்பதில்லை என்பதால், கடையும் குடோனும் மும்பையில் வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய மெய்நிகர் சர்வரோடு வயர்கார்ட் சுரங்கம் (இணையத்தின் ஊடே மறையாக்கம் செய்யப்பட்ட தனிப்பாதை) அமைத்துக்கொள்கின்றன. 25 விநாடிக்கு ஒரு முறை உயிர்ச் செய்தி போகும்படி வைத்தால் இடையில் உள்ள முகவரி மாற்றிகள் சுரங்கத்தை மறந்துவிடாமல் இருக்கும்.

பேக்கப்புக்கு முன்பிருந்த ஏற்பாடு, தினமும் இரவு கணக்குப்பிள்ளை பென் டிரைவில் ஒரு கோப்புறையை நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது. அவர் ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால், முதல் கோப்பை எடுத்த நொடிக்கும் கடைசிக் கோப்பை எடுத்த நொடிக்கும் இடையே கணக்கு மாறியிருக்கும். அந்த நகல் எழுந்து ஓடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. புதிய அமைப்பில் பிஜிபேக்ரெஸ்ட் என்னும் கருவி ஞாயிறன்று முழு நகலும் மற்ற நாள்களில் மாறிய பகுதியின் நகலும் எடுக்கிறது. இதற்கிடையே தரவுத்தளத்தின் மாற்றப் பதிவுகள் 16 மெகாபைட் துண்டுகளாகத் தொடர்ந்து வெளியே போகின்றன. துண்டு நிறையாவிட்டாலும், இடையில் ஏதேனும் எழுதப்பட்டிருந்தால், 60 விநாடிக்கு ஒரு முறை அனுப்பும்படி அமைத்திருப்பதால், கடையே எரிந்துபோனாலும் இழப்பது ஏறத்தாழ ஒரு நிமிடத்துக் கணக்குதான். நகல் ஒன்று குடோனுக்கும், இன்னொன்று மறையாக்கம் செய்யப்பட்டு மேகச் சேமிப்புக்கும் போகிறது. மேகத்தில் உள்ளதைக் குறிப்பிட்ட காலம் வரை நாங்களே நினைத்தாலும் அழிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறோம். கணினிகளை முடக்கிப் பணம் கேட்போர் முதலில் தேடி அழிப்பது பேக்கப்பைத்தான். ஜி.எஸ்.டி. சட்டப்படி, கணக்குகளை அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கைக் கெடுவிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பதால், நிதியாண்டு முடிவு நகல்கள் தனியாக அந்தக் காலத்துக்குப் பாதுகாக்கப்படுகின்றன.

எடுத்த நகலை மீட்டுப் பார்க்காதவரை அதை நகல் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. தினமும் அதிகாலையில் குடோன் கணினி, அன்றைய நகலிலிருந்து தரவுத்தளத்தைத் தனி இடத்தில் மீட்டெடுத்து, அதை இயக்கி, அதில் உள்ள கடைசிப் பில் எண்ணையும் முந்தைய நாள் மொத்த விற்பனைத் தொகையையும் கேட்டு, கணக்குப்பிள்ளையின் கைபேசிக்கு அனுப்புகிறது. அவர் முன்னிரவு கடை அடைக்கும்போது சிட்டையில் கைப்பட எழுதிய தொகையோடு அதை ஒப்பிட்டு, சரியாக இருந்தால் பச்சை மையில் ஒரு கோடு போடுகிறார். மென்பொருளே மென்பொருளைச் சரிபார்ப்பதைவிட, அதற்குச் சம்பந்தமில்லாத ஒரு தாளும் ஒரு மனிதரும் சரிபார்ப்பதில் எனக்கு நம்பிக்கை அதிகம். காலை ஏழு மணிக்குள் செய்தி வராவிட்டால், மும்பை சர்வர் எனக்கும் அவருக்கும் எச்சரிக்கை அனுப்பும். பழுதானால் சொல் என்று பழுதாகக்கூடிய கணினியிடமே சொல்லி வைப்பது பயன் தராது. அது பேசாமல் போவதையே இன்னொரு கணினி கவனித்துச் சொல்ல வேண்டும்.

குறித்த நேர வேலைகள் அனைத்தையும், லினக்ஸில் அவற்றை ஓட்டும் பழைய வசதியான கிரானிலிருந்து புதிய வசதியான சிஸ்டம்டி டைமருக்கு மாற்றினோம். சர்வர் அணைந்திருந்த நேரத்தில் வந்துபோன வேலையைக் கிரான் மறந்துவிடும். டைமரில் அதற்கான அமைப்பை இட்டால், எழுந்தவுடன் விட்டுப்போனதை ஒரு முறை ஓட்டும். ஆனால் எழுந்தவுடன் கடிகாரம் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பழைய கணினியின் மதர்போர்டில் இருந்த நாணய பேட்டரி தீர்ந்துபோய், இணையம் வரும்வரை ஏதோ ஒரு பழைய தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது. தேதி தவறினால் பில் தவறும், நாள் முடிவுக் கணக்கு தவறும். புதிய சர்வரில் நேரம் ஒத்திசைந்தது உறுதியான பிறகே பின்னணி வேலைகள் தொடங்கும்படி சார்பு வைத்தோம். பில் திரையோ, கடைசிப் பில்லின் நேரத்துக்கு முந்தைய நேரத்தைக் கடிகாரம் காட்டினால் எழுதவே மறுக்கும். நேரம் தேசியத் தகவலியல் மையத்தின் நேர சர்வரிலிருந்து பெறப்படுகிறது. கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் (CERT-In) அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை இந்த ஒத்திசைவையும், நிகழ்வுப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருப்பதையும் கேட்கிறது. பதிவேடுகளும் அதற்கேற்ப மும்பைக்குப் போகின்றன.

இத்தனை அமைப்புகளையும் கையால் தட்டச்சிட்டால் ஆறு மாதத்தில் எது ஏன் இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. அனைத்தும், சர்வரைத் தானாக அமைக்கும் ஆன்சிபிள் என்னும் கருவிக்கான கோப்புகளாக, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் உள்ளன. அதே கோப்புகளை இரண்டாம் முறை ஓட்டினால் மாற்றம் பூஜ்யம் என்று வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கோப்பு இன்னும் முடியவில்லை என்று கொள்வோம். கடை சர்வர் பழுதானால் பயன்படுத்துவதற்கான குடோனின் மாற்று சர்வரை இந்தக் கோப்புகளை ஓட்டியே அமைத்தோம்.

கடை சர்வர் செத்தால் குடோன் சர்வர் தானாகப் பொறுப்பேற்குமா என்று முதலாளி கேட்டார். வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டே கணினிகள் இருக்கும்போது, இடையிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்தால், மற்றது செத்துவிட்டதா அல்லது பேச முடியவில்லையா என்று ஒன்றால் கண்டுபிடிக்க இயலாது. இரண்டும் தாமே தலைவன் என்று எண்ணிப் பில் போடத் தொடங்கினால் ஒரே பில் எண் இரண்டு வாடிக்கையாளருக்குப் போகும். ஜி.எஸ்.டி. விதி 46இன்படி பில் எண் 16 எழுத்துக்கு மிகாத தொடர் எண்ணாக, நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும். ஐ.ஆர்.என்.னும் அந்த எண்ணிலிருந்தே பிறக்கிறது; எண் மோதினால் இரண்டாவது பில்லுக்கு முதல் பில்லின் ஐ.ஆர்.என்.தான் கிடைக்கும். அதே விதி ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை அனுமதிப்பதால், குடோன் சர்வருக்குத் தனி முன்னொட்டுடன் வேறொரு பில் வரிசை கொடுத்தோம். பொறுப்பு மாற்றத்தைக் கணக்குப்பிள்ளை கையால் செய்ய வேண்டும்: கடை சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, குடோனில் ஒரு கட்டளையை ஓட்ட வேண்டும். சில நிமிடம் தாமதமாகும், ஆனால் கணக்கு கெடாது. முதலாளி உடனே ஒப்புக்கொண்டார்: "பத்து நிமிசம் லாரி நிக்கலாம், தம்பி. ஒரே நம்பர்ல ரெண்டு பில்லு போனா ஆடிட்டருக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?"

ஒப்படைப்பதற்கு முன், கடை அடைத்த பிறகு, இ-இன்வாய்ஸ் சோதனைத் தளத்தோடு இணைத்து நான்கு கணினிகளிலும் மாதிரிப் பில்கள் போட்டுக்கொண்டிருக்கும்போதே, யூ.பி.எஸ்.ஸையும் சேர்த்து மின்சாரத்தைத் துண்டித்தோம். மறுபடி கொடுத்ததும் சர்வர் தானாக எழுந்தது. முந்தைய ஓட்டம் ஒழுங்காக மூடப்படவில்லை என்றும், மாற்றப் பதிவிலிருந்து மீட்பு நடக்கிறது என்றும் போஸ்ட்கிரெஸ் பதிவேட்டில் எழுதி, சில நொடிகளில் இணைப்புகளை ஏற்கத் தயாரானது. கணினித் திரையில் "சேமிக்கப்பட்டது" என்று காட்டிய பில்கள் அனைத்தும் இருந்தன. காட்டாத பில்கள் ஒன்றுகூட இல்லை. வரிசையில் "தெரியாது" என்ற நிலையில் ஒரு பில் நின்றது. அது மறுபடி போனது, 2150 வந்தது, ஐ.ஆர்.என். பொருந்தியது. கணக்குப்பிள்ளை ஒவ்வொரு மாதிரிப் பில்லையும் தாளோடு வைத்துச் சரிபார்த்த பிறகே வீட்டுக்குக் கிளம்பினார்.

மீதமுள்ள வேலை, வங்கிக்கு வரும் தொகையை வாடிக்கையாளர் கணக்கில் தானாக வரவு வைப்பது. யு.பி.ஐ. வழியே வருபவற்றுக்கு 12 இலக்கக் குறிப்பு எண் இருப்பதால் அதையே திறவுகோலாக வைத்து, ஒரே அறிக்கையை இரண்டு முறை ஏற்றினாலும் தொகை ஒரு முறை மட்டும் வரவாகும்படி எழுதிவிட்டோம். காசோலைகளுக்கு அப்படி நம்பத்தக்க ஒரு எண் அறிக்கையில் கிடைப்பதில்லை. தேதியையும் தொகையையும் மட்டும் வைத்துப் பொருத்தினால், ஒரே நாளில் ஒரே தொகைக்கு இரண்டு காசோலை கொடுக்கும் வாடிக்கையாளரின் கணக்கு தவறும். ஆகவே காசோலைகளை நிரல் பட்டியலிட்டுக் காட்டும். வரவு வைப்பது இப்போதைக்குக் கணக்குப்பிள்ளையின் கையில்தான் இருக்கிறது.